பேங்க் காலி

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பேங்க் இருந்தது. நான் இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை இருக்கும், தையல் கடை இருக்கும், பேங்க் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் மறைமலைநகர் அப்படித்தான் இருந்தது. நகரம் என்று பெயர் வைத்து, மனைகளுக்குக் கல் நட்டு, நேர்நேராகத் தெருக்களும் போட்டுவிட்டார்களே தவிர, அந்த வேகத்துக்கு வீடுகள் முளைக்கவில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நாலு மனை முள்செடியாகக் கிடக்கும். அதில் யார் வீட்டு மாடோ மேய்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பேங்குக்குத் தோதான கட்டடம் தேடி வந்தவர்களுக்கு, அப்பா கடன் வாங்கிக் கட்டியிருந்த மாடிவீடு கண்ணில் பட்டிருக்கிறது.

அப்பா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேன். கீழ்வீட்டு வாடகை வந்தால்தான் வீட்டுக்கடன் அடையும் என்ற கணக்கில் கட்டிய வீடு அது. பேங்கே வாடகைக்கு வந்தது அவருக்குப் பெரிய கௌரவம். இரும்புப் பெட்டகம் லாரியில் வந்து இறங்கிய நாளை அம்மா அடிக்கடி சொல்வாள். நான் அப்போது கைக்குழந்தை. கம்பெனி ஆட்கள் இருபது பேர் சேர்ந்து, கீழே இரும்புக் குழாய்களைப் போட்டு, அதன்மேல் பெட்டகத்தை உருட்டி உருட்டி உள்ளே கொண்டுபோனார்களாம். வாசல்படி உடைந்துவிட்டதாம். அப்பா அதைக்கூடச் சிரித்துக்கொண்டே பார்த்தாராம். திறப்புவிழா அன்று அம்மா போட்ட கோலத்தின்மேல் கால் வைக்காமல் பெரிய அதிகாரிகள் தாண்டித் தாண்டிப் போனார்கள் என்பதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடும்.

பேங்குக்கு மேலே குடியிருப்பதில் சில சங்கடங்களும் இருந்தன. பத்து மணிக்குமேல் அம்மா உரலில் எதையும் இடிக்கக்கூடாது. இடித்தால் கேஷியருக்கு எண்ணிக்கை தப்பிவிடும் என்று ஆள் அனுப்புவார்கள். நான் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. ஆனால் அபாய மணி மட்டும் தன் இஷ்டத்துக்கு அலறும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் போதும், ஊரே அதிரும். முதல் வருஷம் எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டால், கரண்ட் வந்துவிட்டது என்று விசிறியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எப்படியோ ஊர் அந்த பேங்கைச் சுற்றி வளர்ந்தது. அதுவரை சம்பளக் கவரை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பாஸ் புக் வாங்கின. எதிரில் மளிகைக்கடை வைத்த பாய், தினமும் மதியத் தொழுகைக்கு நேரமாகிவிடும் என்று பன்னிரண்டுக்கே முந்தின நாள் வசூலைக் கட்டிவிட்டுப் போவார். தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு இட்லிக்கடை நடத்திய அக்கா, கைநாட்டு வைத்துத்தான் கணக்குத் தொடங்கினாள். பிறகு தன் மகளிடமே எழுதக் கற்றுக்கொண்டு, மூன்றெழுத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போட்டு வந்தாள். எனக்கு ஒரு இட்லி அதிகமாக வைத்துவிட்டு, "உங்க வூட்டு பேங்க்ல எம் பணத்த பத்திரமா பாத்துக்கோ பாப்பா" என்பாள். நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். உண்மையிலேயே அது என் பொறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் பேங்கின் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. அப்பா வாடகையைக் கூட்டிக் கேட்டார். மேலிடத்தில் முடியாது என்றுவிட்டார்கள். அதோடு விடாமல், நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாகக் கட்டிய கட்டடம் ஒன்றைப் பார்த்து முடித்தும்விட்டார்கள். தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் ஒல்லியான மேனேஜர்தான் இந்தத் தகவலை மாடிக்கு வந்து சொன்னார். அவர் மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாவம், அவர் கையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரெதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சுத்தான். சாப்பிடும்போது அப்பா, "அடுத்த மாசம் பேங்க் காலி. அப்புறம் என்ன பண்றதுன்னு பார்ப்போம்" என்பார். அம்மா ரசத்தை ஊற்றியபடி, "காலின்னா காலி. விடுங்க" என்பாள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். பேங்க் காலி.

ஒரு வியாழக்கிழமை காலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். தூக்குவாளியோடு என்னை இட்லி வாங்க அனுப்பினாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் கடையில் கூட்டமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னா பாப்பா, உங்கப்பா நாலு நாளா மொகத்த தூக்கி வெச்சிகினு போறாரு?"

"பேங்க் காலி அக்கா. அதான்."

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. "இன்னா காலி? யாரு சொன்னது?"

"அப்பாதான் சொன்னாரு. நம்ம பேங்க் காலியாம்."

பெரியவர்கள் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெருமையோடு இன்னொரு முறையும் சொன்னேன். அந்த வருஷம்தான் செங்கல்பட்டில் ஒரு சீட்டுக் கம்பெனி, பணம் போட்டவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருந்தது. அதில் அக்காவின் தம்பி போட்ட பணமும் போயிருந்தது. ஊரில் எல்லோரும் அதைச் சொன்ன விதம், 'கம்பெனி காலி' என்பதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. இட்லியை வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

அன்று பகல் முழுக்க அந்தச் செய்தி கம்பெனி பஸ்களில் ஏறி இறங்கியிருக்கிறது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழே பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து பாய் கடையையும் தாண்டி, வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. யூனிபார்ம் மாற்றாத தொழிலாளிகள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், எல்லோர் கையிலும் பாஸ் புக். முதல் ஆளாக இட்லிக்கடை அக்கா, கடையைத் திறக்காமல், மஞ்சள் பையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றாள். ரேஷன் கடையில் ஏதாவது இலவசமாகத் தருவதை எங்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். சத்தம் கேட்டு எழுந்து வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா விஷயம்? இத்தனை கூட்டம்?" என்று கேட்டார்.

"இன்னா சார் தெரியாத மாதிரி கேக்கற? பேங்க் காலின்னு உங்க பாப்பாதான் வந்து சொல்லிச்சு. நீதான் சொன்னியாமே!"

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து என்னைப் பார்த்தது. வாயிலிருந்த பற்பசை நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் தரையும் கால்களும்தான் தெரியும். ஒன்பதேகாலுக்கு மேனேஜர் வந்தார். ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்தவர், தூரத்திலேயே கூட்டத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் யாரோ தவறிப்போய்விட்டார்கள் என்று நினைத்தாராம். அரை மணி நேரம் கீழே நின்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்தும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்துப் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தார். கூடத்தில் அவருடைய சாக்ஸ் போட்ட கால்கள் வந்து நின்றன. ஒரு சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

"சார், இருக்கிற கேஷ் பத்துப் பேருக்குக்கூட வராது. செங்கல்பட்டுக்குப் போன் பண்ணிட்டேன். வண்டி வந்துசேர மதியம் ஆகும். அதுக்குள்ள கதவை மூடினா கண்ணாடியை உடைச்சுருவாங்க, திறந்தா பதினோராவது ஆளுக்குப் பதில் சொல்ல முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

அப்பாவின் கால்கள் அசையவில்லை. மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாடகை விஷயமா நானே மேலிடத்துல பேசுறேன் சார். இன்னும் ஒண்ணும் கையெழுத்தாகல. இன்னைக்கு மட்டும் நீங்க உதவினா..."

"அதை இன்னைக்குப் பேசினா நல்லா இருக்காது சார்" என்றார் அப்பா.

அவர் குரல் கோபமாக இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. மேனேஜரின் கால்கள் இரண்டடி பின்னால் போயின. பிறகு அப்பாவின் கால்கள் கட்டிலை நோக்கி வந்தன. அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் குனிந்தார்.

"வெளிய வா. நான் சொன்னதைத்தானே நீ சொன்ன? எந்திரிச்சு வா. கீழ போவோம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வாசல்படியில் நின்றார். பேச்சு மெல்ல அடங்கியது. அப்பாவின் பிரிவில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர்தான் முதலில் கேட்டார்.

"நீயே சொல்லு அண்ணாத்த. பேங்க் கீதா, பூட்ச்சா?"

"பேங்க் எங்கயும் போகல" என்றார் அப்பா. "என் வீட்டைத்தான் காலி பண்றாங்க. ஜி.எஸ்.டி. ரோட்டுல வேற கட்டடம் பார்த்துட்டாங்க. அதைத்தான் வீட்ல சொன்னேன். பிள்ளை அதை இப்படிச் சொல்லிருச்சு."

யாரும் நகரவில்லை. அந்த இளைஞர் விடவில்லை. "நீதானே அவங்கள தொரத்தப் போறேன்னு கேன்டீன்ல சொன்ன? சொந்தக் கடை வெக்கப் போறேன்னியே? இப்போ வேற மாதிரி சொல்ற. எத்த நம்பறது?"

என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் பிடி இறுகியது.

"கேன்டீன்ல பொய் சொன்னேன்" என்றார். "வாடகை கூடக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. நான் தொரத்தல. அவங்கதான் என்னைய வேண்டாம்னு போறாங்க. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப இதான் நிஜம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா அதைக் கேட்காததுபோல நின்றார். ஆனால் அந்த ஒரு பதில் கூட்டத்தை ஏதோ செய்துவிட்டது. பாய் கடைவாசலிலிருந்து, "அவரு எதுக்குய்யா இத்த பொய்யா சொல்லணும்? சொம்மா பேஜார் பண்ணாதீங்க" என்று குரல் கொடுத்தார். சிலர் வரிசையிலிருந்து விலகி முள்செடி மனையில் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். முழுக்க நம்பியும் விடவில்லை. போகவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

வெயில் ஏறியது. காய்ச்சலோடு அம்மா எழுந்து, வீட்டிலிருந்த தயிர் முழுவதையும் கடைந்து, போதாமல் பாய் கடையிலிருந்து இன்னும் வாங்கிவரச் சொல்லி, அண்டா நிறைய நீர்மோர் கரைத்தாள். என் தண்டனை, அதைச் சொம்பில் மொண்டு வரிசை முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பது. முதல் நாள் என் பேச்சை அத்தனை கவனமாகக் கேட்டவர்கள், இப்போது மோரை வாங்கிக்கொண்டு, "வேற இன்னா சேதி பாப்பா?" என்று கேட்டார்கள். நான் சொம்போடு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கம்பிவலை போட்ட வண்டி வந்து நின்றது. துப்பாக்கியோடு ஒரு மீசைக்காரர் இறங்கினார். பின்னாலேயே பெட்டிகள். எல்லோரும் எழுந்து மறுபடி வரிசையானார்கள். முதல் டோக்கன் அக்காவுடையது. கேஷியர் மொத்தப் பணத்தையும் எண்ணிக் கூண்டுக்கு வெளியே தள்ளினார். அக்கா ஒவ்வொரு கட்டையும் மஞ்சள் பைக்குள் போட்டு, பையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசை முழுவதும் அவளையே பார்த்தது. நானும் சொம்போடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளிக்கேட்டைத் தாண்டி நாலு அடி போனாள். நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். தெருமுனையில் அவள் கடை தெரிந்தது. அதற்குப் பின்னாலேயே வீடு. அதற்குக் கதவு கிடையாது, ஓலைப் படல்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றவள், விறுவிறுவென்று திரும்பி, கேஷியர் கூண்டுக்கே நடந்து வந்தாள்.

"இத்தினி பணத்த எங்க வெச்சிகினு நான் தூங்கறது? நாய்கூட தள்ளிகினு போற படல் அது. இந்தா சார், இத்த நீயே வெச்சிக்கோ!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. துப்பாக்கிக்காரர் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. அக்காவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கேஷியர் மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் மறுபடியும் எண்ண வேண்டியிருந்தது. பாயும் பணம் எடுக்க எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். இரண்டு மணிக்குள் தெரு வெறிச்சென்று ஆகிவிட்டது. கடைசிவரை நின்று பணம் எடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களிலும் ஒருவர் திங்கட்கிழமை திரும்பிக் கொண்டுவந்துவிட்டார்.

மேனேஜர் எங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, டையைத் தளர்த்திக்கொண்டு, மூன்று சொம்பு மோர் குடித்தார். அப்பாவும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் அப்பா, "சார், உங்க சாக்ஸ் கிழிஞ்சிருக்கு" என்றார். மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அந்த நேரத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, வருஷப் பரீட்சை முடிந்த அன்றுகூட அப்படி வந்ததில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை. அக்காவின் பணம் பத்திரமாக இருந்தது. அம்மாவின் காய்ச்சல்கூட விட்டுவிட்டது.

சொன்னபடியே அடுத்த மாதம் பேங்க் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனது. அதற்கு முன்னால் மேனேஜர் ஒருமுறை மாடிக்கு வந்து வாடகைப் பேச்சை எடுத்தார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து, புதுக் கட்டடம்தான் ஊருக்கு வசதி, பஸ் ஸ்டாண்டும் பக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெட்டகத்தை ஏற்றும் அன்று லீவு போட்டு, கயிறு பிடித்து, கம்பெனி ஆட்களோடு ஆளாக நின்றார். எல்லாம் போன பிறகு கீழ்வீட்டை அவரே கழுவிவிட்டார்.

அந்தக் கூடத்துக்கு ஒன்றரை வருஷம் யாரும் குடிவரவில்லை. எனக்கோ அவ்வளவு பெரிய கூடம் இலவசமாகக் கிடைத்திருந்தது. கேஷியரின் கூண்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி சைக்கிள் விடக் கற்றுக்கொண்டேன். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து ஓடினேன், குதித்தேன். மேலே அம்மா எந்த நேரமும் உரல் இடிக்கலாம். பேங்க் காலியானதில் எங்களுக்குத்தான் லாபம் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒன்றரை வருஷமும் அப்பா தன் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வராமல் அடுத்த ஷிப்டும் பார்த்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனார். கீழே நான் சைக்கிள் விடும் சத்தத்துக்கு மேலே அவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தக் கம்பெனி அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.